முகம் பார்க்காத வியாபாரத்தில் பழக்கம் வளர்ப்பது எப்படி? நெல்லைச் சீமையிலிருந்து கேள்வி பதில்கள்

நான் திசையன்விளைப் பக்கத்துக்காரி. 2018-இல் இருந்து கருப்பட்டி, பனங்கற்கண்டு, ஓலைக் கொட்டான் மூன்றையும் ஆன்லைனில் விற்று வருகிறேன். நம் பக்கம் இப்படிப் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இப்போது நிறைய. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள், அம்பாசமுத்திரத்து மரச் செப்பு விற்கிறவர்கள் என்று பலரும் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். வாங்குகிறவர்களோடு நல்ல பழக்கம் வளர்ப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விளம்பரம் போட்டாலே ஆள் வருகிறார்களே அக்கா, ஒவ்வொருவரிடமும் தனியாக எதற்குப் பழக வேண்டும்?

விளம்பரம் ஆளை ஒரு தடவை கூட்டி வரும். சீசன் ஆரம்பத்தில் நானும் கொஞ்சம் போடுகிறேன். ஆனால் நம் சரக்கை நினைத்துப் பாருங்கள். கருப்பட்டியில் வெள்ளைச் சீனி கலப்பது ஊரறிந்த விஷயம். கடையில் என்றால் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள், பழகிய நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். போட்டோவில் நல்லதும் கலப்படமும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். சென்னையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அப்போது எதை வைத்து வாங்குவார்? விற்கிறவள் எப்படிப்பட்டவள் என்பதை வைத்து. அல்லது அவருக்குத் தெரிந்த இன்னொருவர் "வாங்கினேன், நன்றாக இருந்தது" என்று சொல்வதை வைத்து. என் நோட்டில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் அப்படி ஒருவர் சொல்லி வந்தவர்கள்.

பழகிவிட்டார்கள் என்பதற்காக முறையான காரியங்களை விட்டுவிடாதீர்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடியுங்கள். எடையும் பேக் செய்த தேதியும் தெளிவாக இருக்கட்டும்.

முதல் பத்து வாடிக்கையாளர்களை எங்கே போய்த் தேடுவது?

நம் ஊரை விட்டுப் போனவர்களிடம். நெல்லைச் சீமைக்காரர்கள் இல்லாத ஊர் எது? தாராவியில் தெருத் தெருவாக நம் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகள் பலர் நம் பக்கத்தவர்கள். பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் எல்லா இடத்திலும் நம் சொந்தமோ, சொந்தத்துக்குச் சொந்தமோ உண்டு.

ஆனால் சொந்தக்காரர்களிடம் "என்னிடம் வாங்குங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்காக ஒரு தடவை வாங்குவார்கள், அதோடு முடிந்துவிடும். நான் மும்பையில் இருக்கும் பெரியம்மை மகளுக்குக் கால் கிலோ அனுப்பி, "சாப்பிட்டுப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு குறை சொன்னாள். ஒன்று, ஒரு கருப்பட்டி வட்டின் அடியில் மண் போலக் கரகரவென்று இருந்தது. இன்னொன்று, கட்டு அவிழ்ந்து பெட்டிக்குள் தூள் சிந்தியிருந்தது. இரண்டையும் சரிசெய்து மறுபடி அனுப்பினேன். அவளே ஒரு கொட்டானைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் மட்டும் இன்று ஐந்து வீடு என்னிடம் வாங்குகிறது.

விற்பனைப் பேச்சைத் தவிர வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. என்ன பேசுவீர்கள்?

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்த அண்ணாச்சியிடம் ஒரு பற்று நோட்டு உண்டு. யார் வீட்டுக்கு எந்தப் புளி, யார் வீட்டில் ஆச்சிக்கு உப்பு ஆகாது, எந்த வீட்டில் மாசம் பிறந்து ஐந்தாம் தேதிதான் சம்பளம் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாமான் வாங்கப் போனால், நான் வாய் திறக்கும் முன்பே "அம்மைக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்பார். ஆன்லைனில் விற்க ஆரம்பித்ததும் நான் முதலில் வாங்கியது ஒரு நீள நோட்டுதான்.

அதில் ஆர்டரோடு அவர்கள் சொன்னதையும் எழுதுவேன். கருப்பட்டி காப்பிக்கா, சுக்குக் காப்பிக்கா, பிள்ளைக்குப் பணியாரம் சுடவா? கெட்டியாக வேண்டுமா, இளக்கமாக இருந்தாலும் பரவாயில்லையா? வீட்டில் யாருக்காக வாங்குகிறார்கள்? நாமாகத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அவர்கள் பேச்சுவாக்கில் சொன்னதை மறக்காமல் வைத்துக்கொண்டாலே போதும்.

கோவையில் ஒரு டீச்சர். மாமியாருக்குச் சுக்குக் காப்பி போட என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோ வாங்குவார். ஒரு தடவை அரைக் கிலோ மட்டும் கேட்டார். நோட்டைப் பார்த்ததும் மனசுக்கு என்னமோ போல இருந்தது. "டீச்சர், வழக்கமாக இரண்டு கிலோ வாங்குவீர்களே, அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம், கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் அவருக்கு மட்டும் சீசன் செய்தி எதுவும் அனுப்பவில்லை. நான்காவது மாதம் அவரே எழுதினார்.

அவரிடம் அன்றைக்கு வியாபாரத்துக்காகத்தான் கேட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அக்கறை இல்லாமல் கேட்டால் குரலிலேயே தெரிந்துவிடும். அக்கறை இல்லாத இடத்தில் கேட்கவே வேண்டாம், சரக்கை ஒழுங்காக அனுப்பினால் போதும்.

ஊர் சேதி அனுப்பலாமா? தொந்தரவாக நினைப்பார்களா?

ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர் சேதி இனிக்கும். இந்த வருடத்து முதல் பதநீர் இறங்கியது, குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது, ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடியது என்று இரண்டு வரியும் நானே எடுத்த ஒரு படமும் அனுப்புவேன். மாதத்துக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல மனசோடு அனுப்பினாலும், ஒரு வாரத்தில் உங்கள் எண்ணை ஓசை இல்லாமல் அமர்த்தி வைத்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் குரூப் நல்லதா, பிராட்காஸ்ட் நல்லதா?

பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி. சாதாரணக் குரூப்பில் சேர்த்தால் ஒருவர் எண்ணை மற்ற எல்லோரும் பார்க்கலாம். நம்மை நம்பி எண் கொடுத்த பெண்களை முன்பின் தெரியாத இருநூறு பேர் நடுவில் நிறுத்துவது சரியில்லை. வாடிக்கையாளர் எண்களைப் பட்டியலாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அது நம்பிக்கைத் துரோகம்தான்.

பிராட்காஸ்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் அதில் எத்தனை பேர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு. அதனால் முதல் பார்சலில் ஒரு சீட்டு வைப்பேன். கையால் எழுதியது. அவர்கள் பெயர், இந்தச் சரக்கு எந்த ஊர் விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) காய்ச்சியது, எப்படி எடுத்து வைக்க வேண்டும், கடைசியில் "என் எண்ணைச் சேமித்து வைத்தால் புதுச் சரக்கு வந்ததும் சொல்ல வசதியாக இருக்கும்." அவ்வளவுதான். நிறையப் பேர் அந்தச் சீட்டைப் படம் எடுத்து எனக்கே அனுப்புகிறார்கள்.

சரக்கில் குறை வந்தால், பார்சல் தாமதமானால் எப்படிச் சமாளிப்பது?

அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வருடம் ஐப்பசி மழையில் அனுப்பிய கருப்பட்டி ஈரக்காற்றில் கசிந்து பிசுபிசுத்துவிட்டது. மழைக்காலத்தில் அது அப்படித்தான் ஆகும், நம் வீடுகளில் முன்பு அடுப்புப் புகை படும் பரணில் வைத்ததே அதற்காகத்தானே. ஆனால் எனக்குத் தெரிந்த இது வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்பனை போய்விடுமோ என்று பயந்து நானும் சொல்லவில்லை. ஏழு பேர் கலப்படம் என்று நினைத்துவிட்டார்கள். நான்கு பேர் கேட்டார்கள், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தது. கேட்காமலே போன மூன்று பேர் திரும்ப வரவில்லை. அதிலிருந்து புரட்டாசி கடைசியிலேயே எல்லோருக்கும் எழுதிவிடுவேன்: இனி தை வரைக்கும் கொஞ்சம் கசியலாம், வந்ததும் வெயிலில் சற்றுக் காட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், காத்திருக்க முடிந்தால் மழை விட்டதும் வாங்குங்கள். அப்படி எழுதிய பிறகு மழைக்கால விற்பனை கொஞ்சம் குறைந்தது உண்மை. புகார் அநேகமாக நின்றுபோனது.

அப்புறம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பொங்கலுக்கென்று நான் முன்கூட்டி அனுப்பிய முப்பத்திரண்டு பெட்டிகள் அப்போது ஒரு பார்சல் கிடங்கில் இருந்தன. தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் பட்ட கருப்பட்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மூன்றாம் நாள் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து முப்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாகக் குரல்செய்தி அனுப்பினேன். பெயர் சொல்லி, பெட்டி போய்விட்டது, பணத்தை இந்த வாரத்துக்குள் யுபிஐ-யில் திருப்பிவிடுகிறேன், பொங்கலுக்குள் புதுச் சரக்கு தர முடியும் என்று இப்போது உறுதி சொல்ல முடியவில்லை என்றேன். ஒரே செய்தியை எல்லோருக்கும் தட்டிவிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை.

வந்த பதிலில் முக்கால்வாசி, "நீங்க பத்திரமா இருக்கீங்களா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்பதுதான். பத்தொன்பது பேர் பணம் வேண்டாம், சரக்கு எப்போது வந்தாலும் பரவாயில்லை என்றார்கள். பெங்களூருவில் ஒரு குடும்பம் விடிலிக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லிப் போர்வை அனுப்பியது. நான் நோட்டு எழுத ஆரம்பித்தபோது இதையெல்லாம் எதிர்பார்க்கவே இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நல்லது என்று சொன்னால் நன்றாக விற்கிறதே, சொல்லலாமா?

கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். என்னிடம் யார் கேட்டாலும் "டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்" என்றே சொல்கிறேன். தீபாவளிப் பெட்டியில் நாங்கள் சேர்க்கும் தூத்துக்குடி மக்ரூன் விஷயத்திலும் உள்ளதை மறைக்கக் கூடாது, அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. சைவக்காரர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லிவிட வேண்டும்.

விலை குறைத்துக் கேட்கிறார்கள். முகம் முறியாமல் எப்படி மறுப்பது?

விலை ஏன் அவ்வளவு என்பதைக் காட்டுங்கள். பனையேறி காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். பாளை சீவ வேண்டும், சுண்ணாம்பு தடவிய கலயம் கட்ட வேண்டும். இறக்கிய பதநீரை விடிலியில் மணிக்கணக்காகக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். இதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்த பிறகும் குறைத்துக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஆளுக்கொரு விலை மட்டும் வைக்காதீர்கள். ஒரு தடவை வற்புறுத்திக் கேட்ட ஒருவருக்கு முப்பது ரூபாய் குறைத்தேன். அவர் என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மைனி (அண்ணி) என்பது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை குறைத்தேன், ஞாயிற்றுக்கிழமை போன் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நீண்ட நாள் வாங்குகிறவருக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், சரக்கோடு கூடுதலாக ஒரு கொட்டான் சில்லுக்கருப்பட்டி வையுங்கள்.

கடன் கேட்டால்?

ஊர் மளிகைக் கடைக்குப் பற்று சரிவரும், தினமும் முகம் பார்க்கிறார்கள். தூரத்து ஊருக்கு வேண்டாம். பாக்கி நின்றால் அவர்கள் நம் போனை எடுக்கக் கூசுவார்கள், பணமும் போகும், பழக்கமும் போகும்.

பழக்கம் என்றால் வாங்குகிறவர்களிடம் மட்டும்தானா?

பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை, கேட்டவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். சரக்கு தருகிறவர்களோடு உறவு இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் நாம் கொடுக்கும் வாக்கு எதுவும் நிற்காது.

நான் நான்கு பனையேறிக் குடும்பங்களிடம் வாங்குகிறேன். தை, மாசியில் கையில் காசு இல்லாமல் இருப்பார்கள், கயிறு, கலயம், மற்ற சாமான் எல்லாம் வாங்க வேண்டியிருக்கும். அப்போதே கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுவேன். சரக்கு எடுத்த அன்றே மீதிக் கணக்கு. சீசன் கடைசியில் விலை இறங்கினாலும் பேசிய விலையைக் குறைப்பதில்லை. அதற்கு அவர்கள் எனக்குச் செய்வது பெரிது: ஒரு நாள் காய்ச்சும்போது பதம் தப்பினால் "இது உனக்கு வேண்டாம் தாயி, நாங்களே வைச்சுக்கிடுதோம்" என்று அவர்களே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எவ்வளவு சோதனை பார்த்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

வாடிக்கையாளர்கள் அனுப்பும் குரல்செய்திகளை விடிலியில் போட்டுக் காட்டுவேன். "இந்தக் கருப்பட்டியில எங்க ஆச்சி வீட்டு வாசம் அடிக்கி" என்று மும்பையிலிருந்து ஒரு பெரியவர் பேசியிருந்தார். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அத்தை அதை மூன்று தடவை போடச் சொன்னார். விடிலியில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். எல்லோருக்கும் வேலை செய்கிற கோலத்தில் படம் வருவது பிடிக்காது.

பார்சல் கவுன்டரில் இருக்கிற தம்பி, தபால்காரர் இவர்களையும் மறக்க வேண்டாம். பெட்டியைத் தூக்கிப் போடுவதும் இறக்கி வைப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதே சரக்கு விற்கிற மற்றவர்களோடு பழகலாமா? வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விட மாட்டார்களா?

பழகுங்கள். என்னிடம் சரக்கு தீர்ந்தால் உடன்குடிப் பக்கம் விற்கும் ஒரு அண்ணாச்சியிடம் அனுப்புகிறேன், அவரும் எனக்கு அனுப்புகிறார். போனவர்களில் சிலர் அவரிடமே நின்றுவிட்டார்கள், சரி, அதனால் என்ன. நம் பொருட்களுக்குப் பெயர் ஊரின் பெயர்தான். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயர் அங்கே மிட்டாய் போடுகிற எல்லோருக்கும் பொது. ஒருவர் மட்டமாகச் செய்தாலும் கெட்ட பெயர் அத்தனை பேருக்கும்தான்.

சேர்ந்து செய்தால் விற்பனையும் கூடும். தீபாவளிக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டி போடுகிறோம்: திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன், என் கருப்பட்டி. மக்ரூன் தொட்டால் நொறுங்கும், அதனால் அது எப்போதும் மேல் தட்டு. நான்கு பேரின் வாடிக்கையாளர்களும் மற்ற மூவருக்கு அறிமுகமாகிறார்கள்.

பெண் என்பதால் தேவையில்லாத மெசேஜ் வருகிறது. பழக்கத்துக்கும் இதற்கும் எல்லை எங்கே?

வியாபாரத்துக்குத் தனி எண் வையுங்கள். முகப்பில் உங்கள் படம் வேண்டாம், சரக்கின் படம் போதும். இரவு எட்டு மணிக்கு மேல் பதில் இல்லை என்று முதலிலேயே எழுதிப் போடுங்கள். எல்லை மீறினால் ஒரு தடவைகூட எச்சரிக்க வேண்டியதில்லை, தடை செய்துவிடுங்கள். ஒரு ஆர்டர் போனால் போகட்டும் தங்கச்சி. இதைச் சகித்துக்கொள்வது வியாபாரத்தில் ஒரு பகுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆட்கள் கூடிவிட்டால் எல்லோரையும் ஞாபகம் வைக்க முடியுமா?

ஞாபகத்தில் முடியாது, நோட்டில் முடியும். முந்நூறு பேர் தாண்டியதும் என் மைனியைச் சேர்த்துக்கொண்டேன். பேக்கிங்கை அரை நாளில் கற்றுக்கொண்டார். நோட்டு எழுதப் பழக மூன்று மாதம் ஆனது. இப்போது வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போடும் வசதியையும் பயன்படுத்துகிறோம்: புதியவர், இன்னும் சரக்கு அனுப்ப வேண்டியவர், மழைக்காலத்தில் வாங்காதவர் என்று.

அந்த நோட்டில் என்னென்ன பத்தி வைத்திருக்கிறீர்கள்?

பெயர், ஊர், யார் சொல்லி வந்தார், எதற்கு வாங்குகிறார், கடைசியாக என்ன குறை சொன்னார், அதற்கு நான் என்ன செய்தேன். ஆறும் போக ஓரத்தில் ஒரு சின்னப் பத்தி விட்டிருக்கிறேன், அடுத்த தடவை பேசும்போது கேட்க வேண்டியது. இன்றைக்குப் புரட்டினால் கோவை டீச்சரின் வரிசையில் "மகளுக்குக் கல்லூரி கிடைத்ததா?" என்று எழுதியிருக்கிறது. புதுச் சரக்கு வந்துவிட்டது, சாயங்காலம் கூப்பிட வேண்டும்.